இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன்

ஹொன்னிங்ஸ்வோக், வட நார்வே,
ஞாயிறு, ஏப்ரல் கடைசி

என் பிடிவாதக்காரத் தோர்கைருக்கு,

நான் நலம். வண்டியும் நலம். நீ பயந்ததுபோல எந்தக் கலைமானையும் இன்னும் இடிக்கவில்லை. ஒன்று மட்டும் நடுச்சாலையில் நின்றுகொண்டு, எவ்வளவு ஹாரன் அடித்தும் நகராமல், உன்னைப் போலவே முறைத்தது. உன் கண் மருந்து சமையலறை ஜன்னலில் இருக்கிறது. மறக்காமல் விட்டுக்கொள்.

படுக்கையும் அடுப்புமாக இந்த வீட்டு வண்டியை நாம் இருவரும் சேர்ந்துதானே வாங்கினோம்? கண் மங்கிவிட்டது என்று உன் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். "காலமெல்லாம் லாரி ஓட்டினவன் நான். பெண்டாட்டி ஓட்ட, பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்து வரணுமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கும் ரோஷம் வந்தது, கிளம்பிவிட்டேன். எதிரே வரும் வீட்டு வண்டிக்காரர்கள் கை காட்டிவிட்டுப் போகிறார்கள். அநேகமாக எல்லா வண்டியிலும் இரண்டு கைகள் தெரிகின்றன.

நேற்று, நாட்டின் வடகோடியில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த முனைக்குப் போகும் பாதையில் பனிப்புயல். தடுப்பை இறக்கி, பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போனார்கள். வண்டிக்கு எத்தனை பேர் என்று முதலில் கேட்பார்களே, ஈசாக் என்ற தாடிக்காரர் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். பழக்கதோஷம், "ரெண்டு பேர்" என்றேன்.

புயல் பாதையைக் கடந்ததும் எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைகிறது. "உங்ககூட வந்தவர் எங்கம்மா? நடுவுல இறங்கினாரா?" என்று கேட்ட ஈசாக்கின் முகம் வெளுத்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் பனி வண்டியைத் திருப்பச் சொல்லி ரேடியோவில் கத்தினார். அந்தப் புயலில் உன்னைத் தேடப் போக இருந்தார்கள், தோர்கைர்! "அவரு வீட்லதான் இருக்காரு" என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நன்றாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். "உயிரோடதான இருக்காரு? அப்புறமென்ன அழுகை, போய்க் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை ஆள் கணக்கு தப்பாச் சொன்னீங்கன்னா வரிசையிலயே சேக்க மாட்டேன்" என்றார்.

முனையில் மூடுபனி, கடலே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் யாரிடம் காட்டுவேன்? வண்டிக்குள் வந்து, உனக்கென்று விட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். தனிமை தாங்கவில்லை. அங்கிருந்து சாலை நன்றாகத்தான் தெரிகிறது. உன் கண்ணுக்குத் தெரிகிற வரை பார், மிச்சத்தை நான் சொல்கிறேன். என் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வா, பரவாயில்லை.

கரையோரக் கப்பல் இந்த ஊருக்கே வருகிறது, அதில் ஏறி வா. நீ வரும்வரை துறைமுகத்தைவிட்டு வண்டியை எடுக்கமாட்டேன். மறுபடி முனைக்குப் போவோம். ஈசாக் கண்ணாடியைத் தட்டிக் கேட்பார். இந்தமுறையும் இரண்டு என்றுதான் சொல்லப்போகிறேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்,
ஒட்னி