அப்பா பேரைச் சொல்லலாம்

என் மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். நீயும் என் வாயாடிப் பேத்தியும் சுகமா, அங்கே அதிகாரிகள் தனிக் கட்டடத்தில் வைத்திருக்கும் மருமகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று அதே நினைப்பு. நீங்கள் மூவரும் அடைக்கலம் கேட்டு வெளிநாடு போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை, சலவைக்காரர் துணி கொண்டுவந்தால் பிடித்து வைத்துப் பேசுகிறேன், அவர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே படியில் ஒரு காலை வைத்துவிடுகிறார்.

நேற்று நீ போனில் அழுதது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதிகாரி குழந்தையைத் தனியாகக் கூட்டிப்போய் உன் அப்பா பேர் என்ன, எங்கே இருக்கிறார் என்று கேட்க, எல்லாவற்றுக்கும் தெரியாது தெரியாது என்றாளாம், அதனால் மருமகன்தான் அவளுக்கு அப்பாவா என்றே சந்தேகப்பட்டு உங்களைச் சேர்த்து வைக்க மாட்டேன் என்கிறார்களாம். அடியே, அது என் வளர்ப்பு. இங்கே சீருடைக்காரர்கள் மருமகனைத் தேடி வீட்டுக்கு வந்த நாட்களில், யார் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு கண்ணு என்று தலைவாரும்போதெல்லாம் நான்தானே சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் மிட்டாயை நீட்டிக் கேட்டான், அதையும் வாங்கித் தின்றுவிட்டு தெரியாது என்றாளே! மருமகன் அப்போது கதவுக்குப் பின்னால்தான் நின்றார். அந்த வாய்தான் அவரைக் காப்பாற்றியது. எனக்கு இதில் பெருமைதான், அதிகாரியிடம் இதை அப்படியே சொல், குழந்தையைத் திட்டாதே.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, எதையும் உங்கள் வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மாவிடம் கேட்டுச் செய். இனி குழந்தையிடம் பேசுவதென்றால் சீருடை இல்லாமல், நம் பாஷை தெரிந்த ஒரு பெண்ணை, நீ பக்கத்தில் இருக்கும்போது பேசச் சொல். இங்கே உனக்கு நடந்ததை அதிகாரியிடம் நீ சொல்லும்போது மட்டும் அவள் அந்த அறையில் இருக்க வேண்டாம், கேட்டுக் கேட்டுத்தான் படுக்கையை நனைக்கிறாள். கேள்வியே எதற்கு, அப்பாவை எதிரில் கொண்டுவந்து நிறுத்தட்டும், கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நேற்று போனை அவளிடம் கொடுத்தாயே, யாருடி பேசறது, தெரியுதா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை.

மூவரும் ஒரே அறையில் படுத்துத் தூங்கும் நாள் சீக்கிரம் வரட்டும், நோய்நொடி இல்லாமல் இருங்கள். மறக்காமல் இதை மட்டும் அவளை மடியில் வைத்துப் படித்துக் காட்டு. கண்ணு, நம்ம வீட்டுக்கு வந்து கேட்டவங்க வேற, இவங்க வேற. அப்பா பேரைச் சொல்லலாம், சத்தமாகவே சொல்லலாம், பாட்டி சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு. என் பேரையும் சொல்லு. இங்கே என்னைத் தேடி யாரும் வர்றதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா, அவளுடைய பாட்டி