நாரதர் ஓடிய ஓட்டம்

எர்ணாவூர்
9.3.2003

பேச்சிக்கு,

வேறு யாரும் சொல்லி நீ கேட்பதற்குள் என் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நாரதர் வேஷத்தில், தோளில் தம்பூராவோடு, மெயின் ரோட்டில் ஓடினேன். மற்றபடி சுகம்தான். உன் இருமலும் அத்தையின் முழங்காலும் எப்படி?

எங்கள் ஆலையில் பாதுகாப்பு வார இசை நாடகம். வாயு கசிந்தால் ஓடாதே, ஈரத்துணியால் மூக்கைப் பொத்து, காற்றுக்குக் குறுக்கே நட என்று பாடுவது என் பங்கு. பாதிப் பாட்டில் அபாயச் சங்கு ஊதியது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்க, முதலில் ஓடியது நாரதர். பஞ்சுத் தாடியைக் குழாயில் நனைத்து மூக்கில் அழுத்திக்கொண்டேன். கண் எரிந்து நீர் கொட்டியது. இனி உன்னைப் பார்க்கமாட்டேன் என்றே நினைத்தேன்.

ஹார்மோனியம் வாசிக்கிற மண்ணாங்கட்டி பஸ் ஸ்டாப்பில் பிடித்தார்.

"இன்னா நைனா, ஓடாதேன்னு பாடிகினே இந்த ஓட்டம் ஓடிகினு கீறே?"

அவரும் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

அது வெறும் ஒத்திகைச் சங்காம். கண் எரிந்தது முகப்பூச்சினாலாம். மேனேஜரே சொன்னார், ஆகவே நீ பயப்படாதே. இப்போது ஷிப்ட் சங்கு ஊதினாலும் குழாயடிக்குப் போய்த் துண்டை நனைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. துண்டைவிட அதில் ஈரம் நிற்கும். பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். மேடைக்கு நிழல் தந்த வேப்பமரம் மட்டும் மறுநாள் இலையெல்லாம் கருகி நின்றது.

இசக்கிப்பாண்டி