அவர்களுக்கு விழுந்த ஊசி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன். புது ஊசி மூத்தாருக்கு. இவருக்கு மாத்திரை.

எழுதும்போதே வயிறு எரிகிறது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, புராஸ்டேட் புற்றுநோய். இரண்டு பேருக்கும் எலும்புக்குப் போய்விட்டது. இதுவரை போட்ட வைத்தியம் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. ஸ்கேன் படத்தில் இரண்டு பேர் முதுகெலும்பும் பொட்டுப் பொட்டாக ஒரே மாதிரிதான் மின்னியது. இந்தப் புது ஊசி உடம்புக்குள் போய்க் கட்டியைத் தேடிப் பிடித்து அங்கேயே கதிர்வீச்சு கொடுக்கிற மருந்தாம். சோதனை நடக்கிறது. பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

சோதனையில் சேர்ந்த அன்றைக்கே மூத்தார் டாக்டரம்மாவிடம் கேட்டார். "சின்னப் புள்ள யாரையாச்சும் வச்சுச் சீட்டு எடுக்கக் கூடாதாம்மா?" பாகப்பிரிவினைக்குக் கோயிலில் திருவுளச்சீட்டு எடுத்த ஞாபகம் அவருக்கு. எனக்கும் மறக்கவில்லை. நாரணாபுரம் பயராபீஸ் அவர்களுக்கு விழுந்தது. இந்த விருதுநகர் வீடும் அச்சாபீசும் எங்களுக்கு. அவர்கள் அங்கே பட்டாசு செய்கிறார்கள், நாங்கள் அந்தப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறோம். சாமி எடுத்தாலும் அவர்களுக்கு, கம்ப்யூட்டர் எடுத்தாலும் அவர்களுக்கு.

இவர் சிரிக்கிறார். "அண்ணனுக்காவது கெடச்சுதே, அது போதும்." எனக்குப் போதாது.

சாயங்காலம் செல்வி அக்கா போன். என் ஓரகத்தி, மூத்தார் சம்சாரம். "ஏட்டி சாந்தி, எங்களுக்கு விழுந்திருச்சு. ஒங்களுக்கும் விழுந்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த எம்புட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மாத்திரை வாங்க மதுரை. இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போனேன். எம்.எல்.ஏ.வை ஒரு வார்த்தை பேசச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு யாரும் போன் பண்ண முடியாதும்மா."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் மட்ட மருந்தா?"

"எது ஒசத்தி, எது மட்டம்னு தெரிஞ்சா நாங்க ஏம்மா குலுக்கிப் போடுறோம்? தெரியாததுனாலதான் இந்தச் சோதனையே. மாத்திரை கேக்கலன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா அவருக்கும் அந்த ஊசிக்கு மாத்துவோம்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் மண்டையில் ஏறியது. மாத்திரை கேட்காமல் போனால் ஊசி. காரில் இவர் தூங்கினார். நான் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

மூத்தார் நம் வீட்டு மாடியில்.

நேற்று ஊசி. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குக் கர்ப்பிணி, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். அக்கா வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அதனால் சிவகாசிக்குப் போகிற கார் இங்கே நின்றுவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. "நம்ம வீடு சும்மாதான கெடக்கு" என்றார் இவர். கிடக்கத்தான் செய்கிறது. ஒரே மகன், அவனும் பெங்களூரில்.

மாடிக்கு:
தனித் தட்டு, டம்ளர்
தனி அழுக்குக் கூடை
நிறையத் தண்ணீர்
கக்கூஸில் உட்கார்ந்துதான் போக வேண்டும், இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும் (இதை இவர்தான் அண்ணனிடம் சொன்னார், எனக்குச் சிரிப்பு)

எங்களுக்குக் கிடைக்காத மருந்து எங்கள் வீட்டுக் கக்கூஸ் வழியாகப் போகிறது. இதற்கு நான் மோட்டார் ரிப்பேர் பார்த்திருக்கிறேன்.

இவர் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார், அவர் மேலே நாற்காலியில்.

"ஏலே, மாத்திரை கசக்கா?"

"இல்லண்ணே. ஒங்களுக்கு ஊசி வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிலே."

எறும்பு கடிதான் வாங்கியிருக்கிறார். அதுவும் எங்களுக்கு இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காற்று, ஒரே புழுதி. இரண்டாவது ஊசி முடிந்து மறுபடி மாடி.

அவருக்கு வாய் வறண்டுபோகிறது, காரம் ஆகவில்லை என்று அக்கா முந்தாநாளே போனில் சொன்னாள். தெரிந்துதான் காரக்குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். "நல்லா இருக்கும்மா. எனக்குத்தான் கொடுத்து வைக்கல. மோரு இருக்கா?" கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். நாளைக்குத் தயிர்சாதம் வைக்க வேண்டும்.

மத்தியானம் அக்கா வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். ரத்தத்தில் பார்க்கிற நம்பர் பாதிக்குப் பாதி இறங்கிவிட்டதாம். இவருக்கு இறங்கியதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் எரிச்சல்தான் பட்டிருப்பேன்.

"கண்ணு பட்டிரும்லட்டி" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் வீட்டு உப்பு, என் வீட்டு மிளகாய். எட்ட நின்றே அவருக்குச் சுற்றி, சாம்பிராணிக் கரண்டிக் கங்கில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பாள். வீடே இருமியது. "பாத்தியா, ஒரு கண்ணும் இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இத்தனை நாளாக வயிறு எரிகிறேன், அதற்கு இவ்வளவுதான் வலு போலிருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

நாளை இவருக்கு ஸ்கேன்.

மூத்தார் போன வாரம்தான் மூன்றாவது ஊசி முடிந்து மாடியிலிருந்து ஊருக்குப் போனார். முகம் தெளிந்திருந்தது. இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபிள் ஆர்டர், லேபிள் ஆர்டர் என்று அலைகிறார். தீபாவளி சீசன். இடுப்பு வலி என்று என்னிடம் சொல்வதில்லை. மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடிப்பதை நான் பார்க்காமலா இருக்கிறேன்.

மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். மாத்திரை கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டினேன். ஸ்கேன் மோசமாக வர வேண்டும், ஊசி கிடைக்க வேண்டும். தாலியைத் தொட்டுக்கொண்டு எவளாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

புதிதாக எங்கும் இல்லை. இருந்ததும் சுருங்கியிருக்கிறது. "மாத்திரை நல்லா வேலை செய்யுது, அதையே தொடரலாம்" என்றார் டாக்டரம்மா.

ஊசி இல்லை.

ஆஸ்பத்திரி பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து. வரும் வழியில் பால்கோவா வாங்கினார். "அண்ணன் வீட்டுக்கும் ஒரு கிலோ." அதற்கும் தலையாட்டினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேகமூட்டம். மழை வந்துவிட்டால் பட்டாசு லோடு நனையும் என்று எல்லோருக்கும் பயம். அண்ணனுக்கு ஸ்கேன் முடிவு சொல்கிற நாள் என்று இவர் அச்சாபீசுக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு அக்காவும் மூத்தாரும் மதுரையிலிருந்து நேராக இங்கே வந்தார்கள். கேட்டுக்கு வெளியே கார் நின்றும் அக்கா சத்தம் கேட்கவில்லை. அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

இறங்கிய நம்பர் திரும்ப ஏறிவிட்டது. ஈரலில் புதிதாக இருக்கிறதாம். ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஒங்க மாத்திரைக்குப் பேரு என்னட்டி?"

சொன்னேன்.

"இவுகளுக்கும் அத எழுதித் தருவாகளான்னு டாக்டர்ட்டக் கேக்கணும். ஒங்களுக்கு நல்லதா விழுந்திருக்கு." எம்புட்டு என்று சொல்லவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு, "எனக்கு இப்பத் தெம்பில்ல. நீ ஒரு தடவ இவுகளுக்குச் சுத்திப் போடு. இம்புட்டு நாளும் மாடியில வச்சுச் சோறு போட்டவ நீ. ஒன் கையால போட்டா எந்தக் கண்ணும் போயிரும்."

முடியாது என்று எப்படிச் சொல்வது?

மூத்தாரைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன். இவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் சேத்துச் சுத்து." உப்பும் மிளகாயும் அள்ளினேன். ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு. ஒறவுக் கண்ணு என்கிறபோது எனக்கே குரல் கேட்கவில்லை. மூத்தார் பிள்ளை மாதிரி மூன்று தடவை துப்பினார்.

கங்கில் போட்டேன். உப்பு வெடித்தது. மிளகாய் கருகியது. யாரும் இருமவில்லை.

"பாத்தியாட்டி, எம்புட்டுக் கண்ணு" என்றாள் அக்கா. "எந்தப் பாவி கண்ணோ."

கங்கை ஊதிவிட்டு இன்னொரு கை மிளகாய் போட்டேன். அதற்கும் நெடி வரவில்லை.