பதில் தெரிந்த கேள்வி

இன்று காலை வில்லியனூர் மேரியில், அந்தப் பழைய நகராட்சி ஆபீசில், பக்கத்து வீட்டுக்காரரின் பேரனுக்குப் பிறப்புப் பதிவு. சாட்சியாக என்னை அழைத்துப் போனார்கள். குமாஸ்தா பெரிய பதிவேட்டைத் திருப்பி வைத்து, "இங்க போடுங்க" என்று விரலால் காட்டினார். மசி வாடை முகத்தில் அடித்தது. பேனாவைப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைப்புதான், வேறென்ன?

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே மேசையில் உனக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது மாதத்து மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, அவன் சாவைப் பதிய வந்திருந்தாய். எதிர்க்கட்சிக்காரரான மேயர்கூட எழுந்து வந்து, உன் தோளில் கை வைத்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார்.

நம் கட்சி இரண்டாக உடைந்திருந்த நேரம் அது. தேர்தலில் யாரை நிறுத்துவது என்று சண்டை. நான் ஒரு பக்கம். நீ எந்தப் பக்கமும் இல்லை. "ரெண்டா நின்னா ரெண்டு பேருமே தோப்போம்டா" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாய். எங்கள் ஆட்களே உன் பேச்சுக்குக் காது கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாரப் பத்திரிகையில் பிளவைப் பற்றி எழுதியவன் நான். என் கெட்டிக்காரத்தனத்தில் நானே மயங்கிக் கிடந்த காலம். பேர் சொல்லாமல் 'அன்பர்' என்பேன். முதலில் புகழ்வேன். 'ஊரார் பேசிக்கொள்கிறார்கள்' என்று பழியை ஊர் தலையில் கட்டுவேன். முக்கியமாக, எதையும் சொல்ல மாட்டேன்; கேட்பேன். கேட்டால் பொய் சொன்னதாக ஆகாதே! அந்த வாரம் கேட்டேன்: 'ஒற்றுமை பேசும் அன்பர் மேரிக்குப் போனது ஏன்? மேயர் அவர் தோளில் கை வைத்தது எதற்கு?'

எந்த நாள் என்று மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் உன் தெருவே எழுந்து பதில் சொல்லியிருக்கும். அதை யோசித்துத்தான் விட்டேன். சே, என்ன மனுஷன் நான்!

அடுத்த கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "இன்னாபா, மேயராண்ட உனக்கு இன்னா வேல? சொல்லேன்." நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். மேடையை விட்டு இறங்கிப் போனாய். பின்னாலேயே ஓடி வந்து, "சொல்லிட வேண்டியதுதானேடா?" என்றேன். அதையும் கேள்வியாகவே கேட்டேன் பார்.

"செத்த புள்ளய மேடைல ஏத்தச் சொல்றியா? நீ சொல்லுவேன்னு பாத்தேன்பா."

உன் குரலில் கோபமே இல்லை. அறைந்திருக்கலாம் நீ.

அதன்பின் உன்னை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. தேர்தலில் இரண்டு பக்கமும் தோற்றோம். 'அடுத்த வாரம் உண்மையை எழுதிவிடலாம்' என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீ போய்ச் சேர்ந்தும் நாலு வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் பாகூரிலிருந்து உன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். தெருமுனையில் என்னிடம்தான் வழி கேட்டார்கள்.

"ஏங்க, கட்சி மாறுனாரே ஒருத்தரு, அவரு வூடு எதுங்க?"

அவன் மாறவில்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள்.

"அதோ, மூணாவது வூடு" என்று கை காட்டினேன்.