ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

அப்பாவைச் சேர்க்க நீ முதியோர் இல்லத்தில் இடம் பேசி வைத்திருக்கிறாய். அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நான் அவரை அனுப்பப் போவதில்லை.

நான் கார் வாங்கியது உனக்குப் பிடிக்கவில்லை. பழைய கார், பேரன் பிறந்த பிறகு ஓட்டக் கற்றவள், பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதர், மூன்றும் சேர்ந்து ரோட்டில் போனால் விளங்குமா என்று கேட்டாய். ஆஸ்பத்திரி உடற்பயிற்சிக்குப் போக டாக்சியைக் கூப்பிட்டால், அப்பா வலது காலை இழுத்து உள்ளே வைப்பதற்குள் டிரைவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மறுவாரமே கார் வாங்கினேன்.

வாங்கின சூட்டிலேயே முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று இரண்டையும் மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து ஸ்டியரிங்கையே கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். "வந்த விலைக்குத் தள்ளிவிடும்மா, அப்பா விஷயத்துலயும் பிடிவாதம் வேண்டாம்" என்றாய் நீ. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய்.

கார் ஓடும்போது அப்பா இடது கையால் கதவைத் தட்டுவார். வீடியோவில் பார்த்து, அது நரம்புத் துடிப்பு, அவருக்கே தெரியாது என்றாய். நானும் நம்பினேன். ஒருநாள் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தம் இல்லை, கையும் தட்டவில்லை. கொஞ்ச தூரத்தில் சாக்கடை மூடி ஒன்று அமுங்கிக் கிடந்தது. இடது சக்கரம் அதில் இறங்கியதும் 'டொக்'. கையும் கதவில் விழுந்தது. வண்டியைத் திருப்பி அதே வழியில் மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்பத்தான் உனக்கு உறைத்ததா என்பதுபோல.

நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன். மெக்கானிக் வழக்கம்போல என்னிடம்தான் பேசினார். அப்பா இறங்கி, காரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஊன்றுகோலைக் குறுக்காகப் பிடித்தார். மட்டமாகவே மேலும் கீழும் தூக்கிக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஒரு முனையை மட்டும் கீழே சாய்த்து, நாக்கால் 'டொக்' என்றார். வாய் கோணி எச்சில் வழிந்தது. நான் துடைக்கப் போகவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் கோலையே பார்த்தார். "ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா சத்தமில்ல, ஒத்தச் சக்கரம் இறங்கினாத்தான். ஸ்டெபிலைசர் லிங்க்தானே அண்ணே?" என்று அவரையே கேட்டார். அப்பா தலையசைத்தார். வண்டியைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியில், இடது பக்க லிங்க் ஆடிப்போய்க் கிடந்தது. விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், அவ்வளவுதான். மாற்றியதும் சத்தம் போயே போய்விட்டது. திரும்பி வரும்போது நான் கியர் போடும் லட்சணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற அதே சுளிப்பு.

அவருக்கு எதுவும் புரியாது என்று டாக்டரோ நீயோ, யார் சொன்னாலும் சரி. பேச்சுதான் நின்றிருக்கிறது. மனிதர் உள்ளே முழுசாக இருக்கிறார். நான் இருக்கும்வரை அவர் இந்த வீட்டில்தான் இருப்பார். என் காரில்தான் போவார்.

இனி நீ போன் செய்தால் அவர் காதில் வைத்துவிடுவேன். அப்பா என்று கூப்பிடு. பதில் வராது, மூச்சு மட்டும் கேட்கும். உடனே வைத்துவிடாதே கண்ணா.

எங்கிருந்தாலும் நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அம்மா