நீட்டாத கை

மார்ச் 4
ரத்தப் பரிசோதனை எண் மறுபடி ஏறியிருக்கிறது. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை வெட்டியெடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் எங்கிருந்து ஏறுகிறது இந்தச் சனியன்? "எலும்புக்குப் பரவியிருக்கான்னு படம் எடுத்துப் பாத்துடலாம், ஐயா" என்றார் டாக்டர். மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று மனைவி லொரேட்டாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் மைலீன் உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாதம்.

மார்ச் 11
அலுப்பு. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19
செபு நகரத்து ஆஸ்பத்திரி. கையில் கதிர்வீச்சு மருந்தை ஏற்றினார்கள். மூன்று மணி நேரம் தண்ணீர் குடி, ஒன்றுக்குப் போ, மறுபடி குடி. பிறகு படுக்கவைத்தார்கள். பெரிய தட்டு ஒன்று மூக்குக்கு மேலே ஊர்ந்து போனது. இறங்கும்போது நர்ஸ் பெண், "இன்னிக்குப் பூரா கர்ப்பிணிங்க கிட்டப் போயிடாதீங்க தாத்தா, உங்க உடம்புலேருந்து கதிர் வரும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மைலீன்! கையில் வாழையிலையில் சுட்ட அரிசி கேக், சூடாக பிபிங்கா. வழக்கம்போல ஆசி வாங்க என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கக் குனிந்தாள். கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "கிட்ட வராத!" — கத்தியேவிட்டேன்.

"ரோடெலோட ஓடிப்போய்த் திரும்பி வந்த அன்னிக்குக்கூடக் கை குடுத்தீங்களேப்பா. இன்னிக்கு நான் என்ன செஞ்சேன்?"

காரணத்தைச் சொன்னால் நோயும் வெளியே வந்துவிடும். இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். பிபிங்காவை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 20
லொரேட்டா: "நோய ஒளிச்சிட்டீங்க. இந்தப் பிடிவாதத்த எங்க ஒளிப்பீங்க?"

மார்ச் 24
முதுகெலும்பில் இரண்டு கறுப்புப் புள்ளி, இடுப்பில் ஒன்று. பரவிவிட்டது. குணமாக்க முடியாது, ஊசி போட்டு அடக்கி வைக்கலாமாம். பயமாக இருக்கிறது. அதைவிட, அந்தப் பிள்ளை குனிந்தபடி நின்றது கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 25
மைலீன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினாள், அழுதாள். "நான் தாங்க மாட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னா?" பிறகு அவளே என் கையை எடுத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து அதை விடுவிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஜூன் 29
ஊசி கேட்கிறதா என்று பார்க்க நாளை மறுபடி படம். "மருந்து ஏத்துவாங்க, நாளைக்குக் குழந்தையக் கொண்டுவராத" என்று நானே மைலீனுக்குப் போன் செய்தேன். சாயங்காலமே பிள்ளையும் கையுமாக வந்து நின்றாள். பயலுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. கழுத்தைத் தாங்கிப் பிடித்து, அவன் நெற்றியை என் கையில் வைத்து எடுத்தாள். உடனே இன்னொரு முறை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"நாளைக்குள்ளது."