ரப்பர் சரியாக அழிக்காத 1,391 பென்சில் குறிகள் குறித்து

அனுப்புநர்
வித்யாலட்சுமி நாகேஷ்,
முதுநிலை ஆய்வு மாணவி (பகுதி நேரம்),
கணினி அறிவியல் துறை.
வீடு: ஆடுகோடி, பெங்களூரு.

பெறுநர்
முனைவர் சாமிநாதன் அவர்கள்,
தலைவர், மாணவர் குறைதீர்க்குழு,
பெங்களூரு.

பொருள்: முனைவர் கோவிந்தப்பா மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், அதே விஷயத்தில் என் மீது புகார் கொடுப்பதும் தொடர்பாக.

பார்வை: 27.10.2025 நாளிட்ட என் புகார் மனு (பதினொரு பக்கங்கள்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும், காபிக்குப் பால்கூட வைக்காமல், என் ஆய்வுத் தாள்களில் இருபத்தைந்தாம் பக்கத்தை எடுத்துப் போய்ப் பால்கனி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பிறகு மற்ற ஐம்பத்தைந்து பக்கங்களையும் பார்த்தேன். முடிக்கும்போது மணி ஒன்பதரை. நான் பார்த்தது வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன் தங்களுக்குத் தெரிய வேண்டும்.

2. முந்தைய மனுவை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையை ஒரு பருவம் முழுக்கப் படித்ததன் பலனாக, அதில் எல்லாமே தானாக நடந்ததுபோல் இருக்கும். தரவுகள் சேகரிக்கப்பட்டிருக்கும், குறிகள் சரிபார்க்கப்பட்டிருக்கும். செய்த ஆள் மட்டும் அகப்பட மாட்டாள். தங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். இதில் எனக்கு அப்படி ஒளியத் தெரியவில்லை.

3. என் ஆய்வு, பெங்களூருத் தமிழர்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பேசும் குத்தல் பேச்சைக் கணினி கண்டுகொள்ளுமா என்பது. “தண்ணி லாரி வந்தாச்சு, எல்லாரும் நீச்சல் அடிச்சிட்டு இருக்கோம்” என்று ஒருவர் எழுதினால், லாரி வரவில்லை என்று நமக்குப் புரிகிறது. கணினிக்குப் புரிவதில்லை. அதற்குக் கற்றுக்கொடுக்க, அனுமதி பெற்று 1,400 வாக்கியங்களைச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் பாராட்டா, கோபமா, குத்தலா என்று இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தக் குறிகளை நம்பலாமா என்று முடிவு செய்வார்கள். ஆய்வுமுறைப் பாடத்தின் மூன்றாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

4. முதல் ஆள் நான். இரண்டாம் ஆள் நீலசந்திராவைச் சேர்ந்த திருமதி மரகதம். கண் மருத்துவமனை ஒன்றில் சீட்டுப் பதியும் கவுன்டரில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறார். காலை எட்டு மணியிலிருந்து மக்களிடம் திட்டு வாங்குவதே அவர் தொழிலின் பெரும்பகுதி. குத்தல் பேச்சை அவரைவிட அறிந்தவர் இந்த ஊரில் இருக்க முடியாது.

5. நான் முதலில் தாளில் பென்சிலால் குறித்து, அதைக் கணினியில் ஏற்றினேன். மரகதத்துக்கு வேறு தாள் அச்சடிக்க வேண்டும். ஐம்பத்தாறு பக்கம் வீணாகிறதே என்று தோன்றியது. எனவே என் குறிகளை ரப்பரால் அழித்துவிட்டு அதே தாள்களைக் கொடுத்தேன். பத்தொன்பது வருடமாக மென்பொருள் சோதனைப் பிரிவில் மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதையும் குழு பதிவு செய்துகொள்ளலாம்.

6. முடிவு அபாரமாக வந்தது. 1,400-இல் 1,393 வாக்கியங்களில் இருவரும் ஒரே குறி. கடந்த மாத ஆய்வுக் கூட்டத்தில் இதைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டினேன். என் தேர்வுக் குழுவில் இருக்கும் முனைவர் கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னடத்தில் சொன்னதன் பொருள் இது: “புருஷன் பொண்டாட்டிகூட இவ்வளவு ஒத்துப்போக மாட்டாங்களே மேடம், அந்தத் தாள்களை ஒரு தடவை பார்க்கலாமா?” அறையில் என் மகள் வயதுள்ளவர்கள் சிரித்தார்கள். தாள்களைக் காட்ட மறுத்தேன். வீட்டுக்கு வந்து, அவர் திருமணமான பெண்களை இழிவுபடுத்தினார், வயது முதிர்ந்த மாணவிகளை ஏளனம் செய்கிறார், அவரை என் தேர்வுக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று பதினொரு பக்கம் எழுதினேன். அவர் கேட்டது தாளைத்தான் என்பது பதினொரு பக்கத்திலும் ஓரிடத்திலும் இல்லை.

7. விசாரணையில் காட்டுவதற்காக, ‘நான் சுயமாகவே குறித்தேன்’ என்று மரகதத்திடம் கடிதம் வாங்க நேற்று மாலை நீலசந்திரா போனேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடியைப் பேனாவில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “அடுத்த தடவை நல்ல ரப்பரா வாங்குங்க மேடம். நீங்க போட்டது மொத்தமும் தெரிஞ்சுது.”

பார்த்தா குறித்தீர்கள் என்று கேட்டேன். “பின்னே? எனக்குத் தெரியட்டும்னுதான் லேசா அழிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். படிச்சவங்க போட்டது தப்பா இருக்குமா? உங்க பரீட்சையில நான் கை வெச்சு நீங்க ஃபெயிலாயிட்டா?” என்றார். என்னைக் காப்பாற்றியதாகவே நினைத்திருக்கிறார். “ஒன்பது எடத்துலதான் சுத்தமா அழிஞ்சிருந்துச்சு. அங்க மட்டும் எனக்குத் தோணினதைப் போட்டேன், கோவிச்சுக்காதீங்க.”

8. இன்று காலை வெயிலில் பார்த்ததில் அவர் சொன்னது சரி. 1,391 இடங்களில் என் பென்சில் தடம் தெரிகிறது. சுத்தமாக அழிந்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டில் ஒத்துப்போயிருக்கிறோம், ஏழில் வேறுபட்டிருக்கிறோம். அதாவது, மரகதம் தன் புத்தியால் பதில் சொன்ன ஒன்பது முறையில் ஏழு முறை என்னோடு ஒத்துப்போகவில்லை.

9. அந்த ஏழைப் பற்றி என் ஆய்வேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். ‘இரண்டாம் குறிப்பாளரின் சோர்வு காரணமாக ஏற்பட்டவை’ என்று. இதை எழுதிய அன்று அந்த வாக்கியத்தின் நடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

10. உதாரணத்துக்கு, இருபத்தைந்தாம் பக்கத்தில் 611-ஆம் வாக்கியம். குடியிருப்புச் செயலாளருக்கு ஒருவர் எழுதியது: “சார், நீங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்கு என்ன குறை.” நான் ‘பாராட்டு’ என்று குறித்தேன். மரகதம் ‘குத்தல்’ என்று குறித்திருக்கிறார். நேற்று ஏன் என்று கேட்டதற்கு, “மேலே இருக்கிறதையும் ஒரு தடவை படிங்க மேடம். லிஃப்ட் கெட்டுப் பத்து நாள் ஆச்சு. பாராட்டவா செய்வாங்க?” என்றார். குத்தல் பேச்சில் ஆய்வுப் பட்டம் வாங்கப் போகிறவள் நான்.

11. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) முனைவர் கோவிந்தப்பா மீதான புகாரை விசாரணையின்றித் தள்ளுபடி செய்து, அவரைத் தேர்வுக் குழுவில் நீடிக்கச் செய்ய வேண்டும். என் வேலையை உண்மையாகப் படித்தவர் அவர் ஒருவரே. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க அனுமதியும் வேண்டும்.

(ஆ) என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். ஐம்பத்தாறு தாள்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். வெயிலில் பார்க்கவும்.

(இ) திருமதி மரகதத்தை எதற்காகவும் விசாரிக்க வேண்டாம். அவர் கையெழுத்திட்ட கடிதத்தை நான் கிழித்துவிட்டேன்.

12. ஆய்வேட்டை டிசம்பர் 15-க்குள் ஒப்படைக்க வேண்டும். முனைவர் கோவிந்தப்பா விலகியிருந்தால் அது நடந்திருக்கும். என் கணவர் நாகேஷ், வாசல் பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்துக்கு இடம் விட்டு எழுத ஏற்கெனவே சொல்லிவிட்டார். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அந்த 1,400 குறிகளையும் விட்டுவிட்டு, இன்னும் ஓராண்டு நீட்டிப்புக் கேட்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்வதாக முடிவெடுத்திருக்கிறேன். இது என் கணவருக்கோ, வழிகாட்டிக்கோ, மரகதத்துக்கோ தெரியாது. தங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். இம்முறை புதுத் தாளில், பேனாவில், மரகதம் முதலில் குறிப்பார். பார்க்காமல் இரண்டாவதாகக் குறிக்கப்போவது நான். எங்காவது வேறுபட்டால், சோர்வு என்னுடையது என்று எழுதிக்கொள்கிறேன்.

இடம்: ஆடுகோடி, பெங்களூரு
நாள்: 12.11.2025

புகார் கொடுத்தவளும் புகாருக்கு உள்ளானவளுமான,
(ஒப்பம்)
வித்யாலட்சுமி நாகேஷ்

இணைப்பு: ஆய்வுத் தாள்கள், பக்கம் 1 முதல் 56 வரை.